லிஃப்ட்காரர் வீட்டுச் சர்க்கரை

லிஃப்ட்காரர் பணி ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் அவர் உடம்பிலிருந்து சர்க்கரை உதிரத் தொடங்கியது. கடையில் முதல் தரம் என்று சொல்லி விற்பார்களே, அந்த மணிமணியான வெள்ளைச் சர்க்கரை. காலையில் எழுந்தால் அவர் படுத்திருந்த இடத்தைச் சுற்றிக் கிடக்கும். தலை வாரினால் சீப்பிலிருந்து கொட்டும். சட்டையைக் கழற்றி உதறினால் சமையலறை வரை சத்தம் கேட்கும். அவர் மனைவிக்குத் தெருவில் தையல்காரம்மா என்று பெயர். துண்டுத் துணியைக்கூட வீணாக்க மனசு வராதவர். முதல் நாள் துடைப்பத்தால் கூட்டித் தள்ளினார். இரண்டாம் நாள் சுத்தமான வெள்ளைத் துணியைப் படுக்கையில் விரித்தார், எறும்பு ஏறாமலிருக்கக் கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினார். அந்த வாரக் கடைசியில் ஒரு டப்பா நிறைந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் சர்க்கரை வாங்கவில்லை.

லிஃப்ட்காரருக்குத் தாகம் அடங்கவில்லை, எந்நேரமும் பாத்ரூமுக்கும் நாற்காலிக்குமாக நடையாய் நடந்தார் என்பதால்தான் டாக்டரிடம் போனார்கள், சர்க்கரைக்காகப் போகவில்லை. டாக்டரம்மா விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார். மேஜையில் உதிர்ந்து கிடந்ததைப் புறங்கையால் ஓரமாக ஒதுக்கிவிட்டு, "ஐயா, உங்களுக்குச் சுகர் இருக்கு. ரொம்பவே இருக்கு" என்றார். "தெரியும் டாக்டரம்மா. வீட்ல ஒரு டப்பா வச்சிருக்கோம்" என்றார் லிஃப்ட்காரர். மாத்திரை, நடை, சாப்பாட்டில் கட்டுப்பாடு என்று டாக்டரம்மா விளக்கமாகச் சொன்னார். இருவரும் தலையாட்டினார்கள். ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் கணவனும் மனைவியுமாக வேறொரு முடிவுக்கு வந்தார்கள். உடம்பில் சர்க்கரை கூடிவிட்டது, சரி. கூடினது தானாகவே வெளியே கொட்டிக்கொண்டிருக்கிறது, அதுவும் சரி. மாத்திரை செய்ய வேண்டிய வேலையை உடம்பே செய்யும்போது நடுவில் நாம் ஏன் குறுக்கே போக வேண்டும்? கேட்டால் நியாயமாகத்தான் பட்டது. மாத்திரை அட்டைகள் சுவர்க் கண்ணாடிக்குப் பின்னால் போயின.

இதில் லிஃப்ட்காரர் வெளியே சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. ஊரிலேயே உயரமான அலுவலகக் கட்டடத்தில் தன் வேலைக்காலம் முழுவதும் மேலும் கீழுமாகப் போய் வந்தவர் அவர். ஏறியவர்கள் 'அஞ்சு' என்பார்கள், 'ஒம்பது' என்பார்கள், பிறகு கதவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார்கள். அவர் பார்த்ததெல்லாம் பின்னந்தலைகள். ஓய்வு பெற்றதும் அதுவும் போய், வீட்டுப் பக்கம் ஈ காக்காய் எட்டிப் பார்க்கவில்லை. இப்போதோ காலை முதல் வாசலில் கிண்ணமும் கையுமாக ஆட்கள். பேக்கரிக்காரர் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, இதைப்போன்ற சரக்கை வாழ்நாளில் பார்த்ததில்லை என்று தீர்ப்புச் சொன்னார். தினமும் ஒரு பை வாங்கிப்போக வந்து, வந்தவர் உட்கார்ந்து, உட்கார்ந்தவர் கதை கேட்டார். எந்த மாடியில் யார் யாரோடு பேச்சு வார்த்தை இல்லாமல் ஒரே லிஃப்டில் வருவார்கள் என்று லிஃப்ட்காரர் சொல்லச் சொல்ல, வயிறு குலுங்கச் சிரித்தார். லிஃப்ட்காரருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. பை நிறையாத நாளில் மனைவிக்குத் தெரியாமல் ஜாமை வழித்துத் தின்றார். மறுநாள் கை மேல் பலன் கிடைத்தது. அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து அந்தத் தெரு பார்த்ததில்லை.

இப்படி ஒன்றரை வருஷம் ஓடியது. லிஃப்ட்காரர் ஆள் பாதியானார். கண்ணாடி போட்டும் எழுத்து கலங்கியது, பாதங்கள் மரத்துப்போய் ஒரு செருப்பு கழன்றது தெரியாமல் தெருக்கோடி வரை நடந்தார். தையல்காரம்மா அவருடைய கால்சட்டைகளை மாதாமாதம் இடுப்பில் பிடித்துத் தைத்துக்கொடுத்தார். பிடிப்பது அவருக்குக் கைவந்த வேலை, யோசிக்காமல் செய்துவந்தார். ஒருநாள் மத்தியானம் பின்தையலைப் பிரித்து, மடித்து, குண்டூசி குத்திவிட்டுப் பார்த்தால், பின்பாக்கெட்டுகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. இனிமேல் பிடிக்க இடமில்லை. மெஷின்மேல் அந்தக் கால்சட்டையும் பக்கத்தில் தான் பாதி குடித்திருந்த காபியும் இருந்தன. தையல்காரம்மா காபியைப் பார்த்தார். எழுந்து போய் டம்ளரைத் தொட்டியில் கவிழ்த்தார்.

மத்தியானத் தூக்கத்திலிருந்த லிஃப்ட்காரரை உலுக்கி எழுப்பி, அந்தக் கால்சட்டையை மடியில் போட்டார். "இதைப் பாருங்க. நீங்க திங்கறது எதுவும் உங்க உடம்புல ஒட்டல. ஒட்டாம கொட்டினதைத்தான் டப்பால அள்ளி வச்சிருக்கேன். இத்தனை நாளா உங்களைத்தான் ரெண்டு ரெண்டு ஸ்பூனா காபில கலக்கிக் குடிச்சிருக்கேங்க."

லிஃப்ட்காரர் கால்சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உண்மையைச் சொன்னார். "மாத்திரை போட்டா இது நின்னுடும். நின்னுட்டா இந்த வீட்டுக்கு யாரு வருவா?"

"வரலேன்னா போகட்டும். வர்றவங்க டப்பாவைப் பாத்து வர்றாங்க. இப்படியே விட்டா டப்பா இருக்கும், நீங்க இருக்க மாட்டீங்க."

சொல்லிவிட்டுத் தையல்காரம்மா அழுதார். ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கிறவள், கூட இருக்கும் மனிதர் கரைந்துகொண்டிருப்பதைப் பார்க்கவில்லையே என்று தன்மேலேயே கோபம். லிஃப்ட்காரர் எழுந்து, கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அட்டையை எடுத்தார். அது காலாவதியாகியிருந்தது. மறுபடி டாக்டரிடம் போனார்கள். டாக்டரம்மா திட்டவில்லை, வெள்ளைத் துணி விரிப்பதை நிறுத்தச் சொன்னார், அவ்வளவுதான்.

மாத்திரையும் நடையுமாகச் சில மாதங்களில் சர்க்கரை கைப்பிடியளவாயிற்று, பிறகு ஒரு ஸ்பூன், பிறகு விரலில் ஒட்டுமளவு. கால்சட்டைகளின் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது. கிண்ணங்கள் வருவது நின்றது. ஒரு வீட்டுக்காரம்மா, நல்லா இருந்ததை இப்படிக் கெடுத்துக்கிட்டாரே என்று தெருவில் நின்று அங்கலாய்த்தார். பேக்கரிக்காரர் இரண்டு மூன்று தரம் வெறும் பையோடு திரும்பிப்போய், அப்புறம் தலைகாட்டவில்லை. லிஃப்ட்காரருக்கு அதுதான் உறைத்தது. யாரிடமும் காட்டிக்கொள்ளாமல் சாயங்காலங்களில் தனியாக நடந்தார். மனசு கேட்காத நாளில் திருட்டுத்தனமாகக் கேக் தின்பதும் உண்டு. மறுநாள் தலையணை காட்டிக்கொடுத்துவிடும். தையல்காரம்மா உறையை மாற்றிவிட்டு, செருப்பை எடுத்து முன்னால் வைப்பார்.

ஒரு சாயங்காலம் பேக்கரிக்காரரே வந்தார். கையில் பை இல்லை. உட்கார்ந்ததும் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டார், குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். தையல்காரம்மா கொடுத்த சர்க்கரையில்லாத காபியை முகம் சுளித்தபடி விழுங்கினார். "ரொம்ப நாளா வரணும்னுதான் நெனச்சேன்ணே. சர்க்கரைக்குத்தான் வந்தான்னு நீங்க நெனச்சிருப்பீங்கன்னு கூச்சமா இருந்துச்சு" என்றார். பேக்கரிக்காரர் முழங்கை ஊன்றியிருந்த இடத்தில் மேஜை வெள்ளையாக இருந்ததை லிஃப்ட்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். வருஷக்கணக்காக மாவிலேயே புழங்கும் மனிதர். அவர்மேல் வெள்ளையாக எது இருந்தாலும் யாரும் இரண்டாம் தரம் பார்ப்பதில்லை, அவர் உட்பட. லிஃப்ட்காரர் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"தம்பி, இது எத்தனை நாளா?"

"எதுண்ணே? மாவா?"

லிஃப்ட்காரர் அவர் விரலைப் பிடித்து மேஜையில் தொடவைத்து, வாயருகே கொண்டுபோனார். பேக்கரிக்காரர் வழக்கம்போலக் கண்ணை மூடினார். திறந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. "இதைப் பையில அள்ளி யாருக்கும் குடுத்திராதீங்க. நாளைக்குக் காலையில எதுவும் சாப்பிடாம வாங்க. கூட நான் வர்றேன்" என்றார் லிஃப்ட்காரர்.

மறுநாள் இருவரும் டாக்டர் வீட்டு பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பேக்கரிக்காரர் பயத்தில் லிஃப்ட்காரரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மாத்திரை முதலில் வயிற்றைப் புரட்டும், பழகிவிடும் என்று இவர் மெதுவாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். துடைப்பத்தோடு வந்த ஆயா தரையைப் பார்த்துவிட்டு, "இது யாருது?" என்று கேட்டார்.

"இன்னைக்கு இவரோடது" என்றார் லிஃப்ட்காரர்.

"காலைத் தூக்கிக்கங்க" என்றார் ஆயா. இருவரும் தூக்கிக்கொண்டார்கள்.