ஒட்டாத நோய்

அவள் இருமினால் போதும், குழந்தை கைமாறிவிடும். நாத்தனார் சமையலறையில் இருந்தாலும் சரி, துணி உலர்த்திக்கொண்டிருந்தாலும் சரி, ஈரக் கையோடு வந்து நிற்பாள். "கொடு இப்படி. நீ போய் உக்காரு." பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை பாதியில் வீறிடும்.

அவளுக்குப் பிறவி நோய். அப்பா, அம்மா இருவரிடமும் வெளியே தெரியாமல் இருந்த கோளாறு இவளிடம் வந்து சேர்ந்தது. நுரையீரலில் சளி பசைபோல் கட்டிக்கொள்ளும். தினமும் மருந்து ஆவி இழுத்து, முதுகைத் தட்டி, அதை இருமி வெளியேற்ற வேண்டும். முப்பத்தோரு வருஷம் அதோடு மல்லுக்கட்டியேதான் படித்தாள், கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்தும் வேலைக்குப் போனாள், பஸ் டிரைவர் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அவனுக்கும் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்த பிறகுதான் பிள்ளை பெறத் துணிந்தாள். மகளுக்கு நோய் இல்லை என்று பிறந்த பின்னும் சோதித்து உறுதி செய்தாயிற்று. "ஒட்டாது அண்ணி" என்று நாத்தனாரிடம் படித்துப் படித்துச் சொன்னாள். "சரி சரி" என்பாள் நாத்தனார். அடுத்த இருமலுக்கு மறுபடி பறிமுதல்.

கெட்டவளாக இருந்தால் சண்டை போட்டுவிடலாம். தன் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு உதவிக்கு வந்தவளிடம் எப்படிச் சண்டை போடுவது? கணவனோ எதற்கெடுத்தாலும் "எல்லாம் சரியாயிடும்" என்பான். பாட்டில் மூடி தொலைந்தாலும் அதுதான், அவளுக்கு மூச்சு இழுத்தாலும் அதுதான்.

குழந்தை பிறந்த ஆறாவது வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மார்பு டாக்டர் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, "பிரமாதம், சந்தோஷமா இருங்க" என்று அனுப்பிவிட்டார். வெளியே நர்ஸ் ஒரு தாளை நீட்டினாள். மனநிலை பற்றிப் பத்துக் கேள்விகள். அவள் மளமளவென்று எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுக் கொடுத்தாள்.

நர்ஸ் தாளைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தாள். "தூங்குறீங்களா?"

அவளுக்கு இருமல் வந்தது. நாத்தனாரின் கை தானாகக் குழந்தையை நோக்கி நீண்டது.

"விடுங்க அண்ணி." குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "பொறந்ததுலேர்ந்து இருமிட்டிருக்கேன். எனக்கு இருமத் தெரியும். நான் இருமுறப்பல்லாம் நீங்க இவளைத் தூக்கிட்டுப் போறீங்க. அப்பறம் இவ என்கிட்ட எப்பதான் இருப்பா? எனக்கு எத்தனை வருஷம் இருக்குன்னு யாருக்குத் தெரியும்? இவ ஸ்கூல் போறதைப் பாப்பேனான்னு தினமும் நினைக்கிறேன். அழுதா நெஞ்சுக்கு ஆகாதுன்னு அழவும் விடமாட்டேங்கிறீங்க."

நாத்தனார் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். பிறகு நர்ஸிடம் மெல்லக் கேட்டாள்: "நிஜமாவே ஒட்டாதா?"

"ஒட்டாதும்மா."

"அப்ப சரி."

தான் நாற்பது தடவை சொன்னது ஏறவில்லை, முன்பின் தெரியாத நர்ஸ் ஒரு தடவை சொன்னது ஏறிவிட்டதே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நர்ஸ் அந்தத் தாளை மடித்து ஓரமாக வைத்துவிட்டுப் புதிய தாள் ஒன்றைக் கொடுத்தாள். இந்த முறை அவள் நிதானமாக, உள்ளதை உள்ளபடி எழுதினாள். வாரம் ஒரு முறை மனநல ஆலோசகரைப் பார்க்க ஏற்பாடானது.

முதல் சந்திப்பில் அரைமணி நேரம் அழுதாள். நெஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் வீட்டுக்கு வந்ததும், யூனிஃபார்ம்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்த கணவன் அவள் முகத்தைப் பார்த்து, "எல்லாம்..." என்று ஆரம்பித்தான்.

"அதை மட்டும் சொல்லாதீங்க."

"வேற என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலை."

"அப்ப அதைச் சொல்லுங்க."

"தெரியலை. பயமா இருக்கு."

குழந்தை பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் அவள் கேட்ட உருப்படியான பேச்சு அதுதான். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.