மூன்றாம் எண் சட்டை

பெட்டியில் துணி வைப்பதற்கு முன் சாந்தோ மூன்று முறை கை கழுவினான். அதோடு விட்டானா? நகத்தை வெட்டி, வெட்டிய ஓரத்தைத் தரையில் தேய்த்து, கன்னத்தில் இழுத்துப் பார்த்து, சொரசொரப்பு இல்லை என்று உறுதியான பிறகுதான் என் அன்னாசி நார்ச் சட்டையைத் தொட்டான். அந்தத் துணி அப்படி. வெங்காயத் தோல் போலக் கண்ணாடியாக இருக்கும். நகம் பட்டால் ஒரு இழை எழும்பும், எழும்பியது எழும்பியதுதான். அவன் அதைக் கட்டிலில் குப்புறப் போட்டு, கைகளை உள்ளே மடித்து, மடிப்பு விழும் இடத்திலெல்லாம் வெள்ளை மெல்லிய காகிதத்தைச் சுருட்டி வைத்து, மொத்தத்தையும் ஒரு அட்டைக் குழல் மேல் உருட்டினான். என் கணவன்தான், ஆனால் என்னைக்கூட அவன் அவ்வளவு பதமாகத் தொட்டதாக நினைவில்லை.

"வாசனைத் தண்ணி அடிக்காதே. அடிக்கணும்னா மணிக்கட்டுல அடிச்சிட்டு, காய்ஞ்ச அப்புறம் சட்டையப் போடு" என்றான்.

"சரிப்பா."

"லினன் பேன்ட்ட ஹோட்டல்ல இஸ்திரி போடறேன்னு இறங்காதே. குளியலறையில மாட்டிட்டு வெந்நீரத் திறந்துவிடு. ஆவி அதுபாட்டுக்கு வேலை செய்யும். நீ ஈரக் கையால இப்படி நீவிவிட்டாப் போதும்."

"சாந்தோ, நான் ஜகார்த்தாவுக்கு யாவாரம் பேசப் போறேன். துணி காயப்போடப் போகல."

"துணி சரியா இருந்தாத்தான் பேச்சு சரியா வரும்" என்று சொல்லிவிட்டு, ஊசியில் சிவப்பு நூலைக் கோத்தான்.

அது அவனுடைய பழக்கம். ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு துண்டுத் துணிச் சீட்டு. முன்பக்கம் எண், பின்பக்கம் சோற்றுப் பருக்கை அளவு எழுத்தில் கட்டளை. ஒன்று, போகும்போது. இரண்டு, முதல் நாள் விருந்துக்கு. மூன்று, கூட்டத்துக்கு. நான்கு, திரும்பும்போது. சீட்டைக் காலரின் உள்பக்கம், துணி இரட்டையாக இருக்கும் இடம் பார்த்து, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சை உள்ளே தள்ளிவிடுவான். உடுத்துவதற்கு முன் இழுத்தால் கையோடு வந்துவிடும். பன்னிரண்டு வருடம் உல்லாசக் கப்பலின் அடித்தட்டில், சன்னல் இல்லாத சலவைக்கூடத்தில், ஆயிரம் பேருடைய சட்டைகளுக்கு அவன் போட்ட முடிச்சு அது.

இது எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும். எங்கள் ஊர் காலிபோவில் மற்ற எல்லாருக்கும் அவன் கப்பல் இஞ்சினீயர்.

அந்தப் பட்டத்தைக் கொடுத்தது நான்தான். அவன் முதல் முறை கப்பல் ஏறிய வாரம், சந்தையில் மீன் வாங்கும்போது, கூட நின்று வாங்கிக்கொண்டிருந்த அம்பாரோ அக்கா கேட்டாள், "உன் புருஷனுக்கு அங்க என்ன வேலைடி?" எங்கள் ஊரில் அடுத்தவர் துணி வெளுப்பது கதியில்லாத பெண்கள் செய்கிற வேலை. ஒரு ஆண்பிள்ளை அதைச் செய்கிறான் என்றால் தெருவே ஒரு மாதம் சிரிக்கும். "இஞ்சின் பக்கம்" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அவன் விடுமுறைக்கு வருவதற்குள் இஞ்சின் பக்கம் வளர்ந்து இஞ்சினீயர் ஆகிவிட்டது. வந்த மூன்றாம் நாளே அம்பாரோ அக்கா ஓடாத தண்ணீர் பம்பைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். சாந்தோ பம்பைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். "வெச்சிட்டுப் போங்கக்கா, பாக்கறேன்" என்றான். பிறகு பக்கத்து ஊர் மெக்கானிக் ஒருவனிடம் போய் இரண்டு நாள் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்து அதை ஓட வைத்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு விடுமுறையிலும், முதுகு போய் நிரந்தரமாக வீட்டுக்கு வந்த பிறகும், ஊர்ப் பம்புகள் எங்கள் வாசலுக்கு வந்தவண்ணம் இருந்தன. ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவன் கேட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

இந்த முறை என்னோடு வந்தது அதே அம்பாரோ அக்காதான். எங்கள் பெண்கள் கூட்டுறவுக்கு அவள் தலைவி, நான் விற்பனை பார்ப்பவள். அபாக்கா வாழை நாரில் நாங்கள் செய்யும் அழுக்குத்துணிப் பைகளை ஜகார்த்தாவில் ஒரு ஹோட்டலைச் சேர்ந்தவர்கள் தங்கள் அறைகளுக்கெல்லாம் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். இதுவரை இப்படிப்பட்ட பேச்சுக்கெல்லாம் மணிலாவிலிருந்து ஒரு தரகர் போவார். இந்தத் தடவை நாங்களே போகிறோம் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னவள் நான்.

கூட்டத்தன்று காலை அம்பாரோ அக்கா என் அறைக் கதவை இடித்தாள். கையில் அவளுடைய லினன் மேற்சட்டை. பிளாஸ்டிக் பையில் திணித்து, பாச்சை உருண்டை இரண்டு போட்டுக் கொண்டுவந்திருக்கிறாள். சட்டை, பிழிந்தெடுத்த கரும்புச் சக்கையாகக் கிடந்தது. மணம் அதைவிட மோசம்.

"அடியே நெல்ஃபா, இஸ்திரிப் பெட்டி எங்கடி?"

"இஸ்திரி வேணாம், குடுங்க இப்படி."

குளியலறையில் மாட்டி, வெந்நீரைத் திறந்து, கதவைச் சாத்தினேன். பத்து நிமிடம் கழித்து ஈரக் கையால் தோளிலிருந்து கீழ்நோக்கி நீவி, ஓரங்களை இழுத்துவிட்டு, சன்னலோரம் காற்றில் பிடித்தேன். சுருக்கம் போயிற்று. பாச்சை உருண்டை நாற்றமும் பாதி போயிற்று. அம்பாரோ அக்கா சட்டையைப் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பினாள்.

"எங்கடி கத்துக்கிட்ட இதெல்லாம்?"

"ஏதோ பத்திரிகையில படிச்சது" என்றேன்.

பொய் சொல்வதற்கு இத்தனை வருடத்தில் எனக்கு யோசிக்கவே வேண்டியதில்லாமல் போயிருந்தது. அவளை அனுப்பிவிட்டுப் பார்த்தால் நேரமாகிவிட்டது. குழலிலிருந்து மூன்றாம் எண் சட்டையைப் பிரித்தேன். கடலும் ஆகாயமும் தாண்டி வந்ததற்கு அதில் ஒரு கோடு இல்லை. அவசர அவசரமாகப் போட்டுக்கொண்டு, கொண்டையை உயர்த்திக் கட்டிக்கொண்டு ஓடினேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். கொள்முதல் பார்க்கும் ரெட்னோ அம்மா, மெழுகால் கையாலேயே கோலம் வரைந்த பத்திக் துணியில் தைத்த மேற்சட்டை போட்டிருந்தார். பக்கத்தில் ஹோட்டலின் சலவைப் பகுதித் தலைவர் சுகெங், ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். எல்லாருக்குமே ஆங்கிலம் அரைகுறைதான், அதனால் யாருக்கும் வெட்கமில்லை.

"பை அழகாத்தான் இருக்கு. ஈரத் துண்டப் போட்டு விருந்தாளி ரெண்டு நாள் வெச்சிருந்தா பூஞ்சை பிடிக்குமே, என்ன பண்றது?" என்று ரெட்னோ அம்மா கேட்டார்.

"வெந்நீர் காட்டக் கூடாதுங்க. பச்சத் தண்ணியில முக்கி எடுத்து, முறுக்காம, பெரிய துண்டுல சுருட்டி அமுக்கணும். அப்புறம் நிழல்ல, வாய் கீழ பாக்கறமாதிரி கவுத்துப் போடணும். வெயில்ல போட்டா நார் முறுமுறுன்னு ஆயிடும்."

சுகெங் முதல் முறையாக நிமிர்ந்தார். தலையை ஆட்டினார். எனக்குத் தெம்பு வந்தது. எழுந்து, பின்னால் இருந்த பலகையில் மாதிரிப் பையை மாட்டப் போனேன். அவர்களுக்கு முதுகைக் காட்டிய அடுத்த நொடி பின்னால் சிரிப்புச் சத்தம்.

"மேடம், உங்க கழுத்துல மூணுன்னு போட்டிருக்கு" என்றார் சுகெங்.

கை தானாகக் கழுத்துக்குப் போனது. உள்பக்கம்தான் சீட்டு. ஆனால் அன்னாசி நாரில் உள்பக்கம், வெளிப்பக்கம் என்று என்ன இருக்கிறது? சிவப்பு நூலோடு பளிச்சென்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அந்த அறையின் தரை பிளந்தால் தேவலாம் என்றிருந்தது.

சுகெங் எழுந்து அருகில் வந்தார். "கொஞ்சம் இருங்க, இழுத்துடாதீங்க" என்று குனிந்து பார்த்தார். "ரெண்டு சுத்து, முடிச்சு உள்ள. இது கப்பல் முடிச்சாச்சே! தொவைக்கிறப்ப முடிச்சு மாட்டித் துணி கிழியக் கூடாதுன்னு கப்பல் சலவைக்கூடத்துல இப்படித்தான் போடச் சொல்லிக் குடுப்பாங்க. நானும் பதினோரு வருஷம் போட்டிருக்கேன். உங்க வீட்டுல யாரு கப்பல்ல?"

நான் வாய் திறப்பதற்குள் அம்பாரோ அக்கா முந்திக்கொண்டாள். பெருமை பொங்கச் சொன்னாள். "இவ வீட்டுக்காரரு கப்பல்ல இஞ்சினீயரா இருந்தாரு! சாதாரண ஆளில்ல."

"ஓ, இஞ்சினீயரா" என்றார் சுகெங்.

தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். மேசை மேல் இருந்த கைகளை மெதுவாக மடிக்கு இழுத்துக்கொண்டார். இழுக்கும்போது பார்த்தேன். வலது முன்கையில், மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே, பளபளவென்று ஒரு பட்டைத் தழும்பு. ஆவி இஸ்திரி இயந்திரத்தின் விளிம்பு சுட்டால் வருவது. சாந்தோவுக்கும் அதே கையில், அதே இடத்தில் இருக்கிறது. ஊரில் யாராவது கேட்டால் இஞ்சின் குழாய் சுட்டது என்று நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவனும் அப்படியே சொல்லுவான், சொல்லும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்வான்.

அம்பாரோ அக்காவுக்குத் தெரிந்தால் மறுநாள் சந்தைக்குத் தெரியும். அதற்கடுத்த நாள் மாதா கோயிலுக்குத் தெரியும். இதெல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் மடியில் ஒளிந்த அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு என்னால் பைகளைப் பற்றிப் பேச முடியவில்லை.

"இஞ்சினீயர் இல்லீங்க" என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "சலவைக்காரரு. பன்னெண்டு வருஷம் கப்பல்ல துணி வெளுத்தாரு. இப்ப நான் சொன்னேனே, முறுக்காதே, நிழல்ல போடுன்னு, அது அத்தனையும் அவரு சொல்லிக் குடுத்தது. இந்தப் பைய எங்க வீட்டுக் கொல்லையில நாப்பது தரம் நனைச்சு நனைச்சுப் பாத்தவரும் அவருதான். இந்தச் சட்டை ரெண்டு விமானம் மாறி வந்திருக்கு. எங்கயாச்சும் ஒரு சுருக்கம் இருக்கா, பாத்துச் சொல்லுங்க."

ரெட்னோ அம்மா எட்டி, விரலின் பின்புறத்தால் என் சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்தார். துணி தெரிந்தவர், விரல் நுனியால் தொடவில்லை. "இல்ல, ஒண்ணுகூட இல்ல" என்றார். சுகெங்கின் கைகள் மேசைக்கு மேலே வந்தன. "எந்தக் கப்பல்? அங்க பழைய மிஷினா, புது மிஷினா?" என்று அடுக்கிக்கொண்டே போனார். நான் தெரிந்ததைச் சொன்னேன். அம்பாரோ அக்கா மட்டும் பையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள். பைகளைப் பற்றி, மேலதிகாரிகளைக் கேட்டுவிட்டு எழுதுகிறோம் என்றார்கள்.

காரில் பாதி வழியில் அக்கா சட்டென்று என் தொடையில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"அதானே பாத்தேன்! அதான் என் பம்பு மூணாம் நாளே நின்னு போச்சா!"

"மூணு நாள் ஓடுச்சில்ல? அதுக்கு அவன் ரெண்டு நாள் படிச்சான்."

"பத்து வருஷத்துக்கு மேல என் வாயில இஞ்சினீயரு, இஞ்சினீயருன்னு சொல்ல வெச்சியேடி, பாவி. நான் ஊருக்கெல்லாம் சொல்லத்தான் போறேன்."

"சொல்லுங்க. நீங்க சொல்லாட்டி நானே சொல்றேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தன் லினன் மேற்சட்டையின் ஓரத்தை எடுத்து முகர்ந்து பார்த்தாள். "பாச்சை உருண்டை நாறுது, பின்ன பூச்சிக்கு என்னதான் வைக்கிறதாம்?"

"கிராம்பு. துணியில முடிஞ்சு."

"கிராம்பா" என்று சொல்லிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

காலிபோ விமான நிலைய வாசலில் சாந்தோ மோட்டார் சைக்கிளோடு நின்றிருந்தான். தேய்த்த பருத்திச் சட்டை, சோற்றுக் கஞ்சியின் மொடமொடப்பு அப்படியே இருந்தது. என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் பெட்டியின் பூட்டைப் பார்த்தான். அம்பாரோ அக்கா நேராக அவனிடம் போனாள். அவள் தன் பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"விமானத்துல காப்பி கொட்டிட்டேன். பட்டு. இது போகுமா, போகாதா?"

சாந்தோ கறையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அன்று பம்பைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தானே, அதே பார்வை. இந்த முறை நான் தரையைப் பார்க்கவில்லை.

"போகும்க்கா" என்றான். "தேய்க்கலயே?"

"உன் பெண்டாட்டி தேய்க்க விடல."

அவள் வண்டி பிடித்துப் போன பிறகு, அந்தச் சட்டையை மடிக்காமல் முன்கையில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றான். தழும்புள்ள கை. "சொல்லிட்டியா?" என்றான்.

"சொல்லிட்டேன்."

பெட்டியைக் கட்டிவிட்டு என் பின்னால் வந்தவன், கழுத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினான். "நாலாம் நம்பர எடுக்காமலே போட்டிருக்கியே, நெல்ஃபா. இரு, இழுத்துடறேன்."

"இருக்கட்டும், விடு. நான்தான் வெளிய எடுத்து விட்டிருக்கேன்."

வண்டி கிளம்பியது. வழக்கமாக ஆற்றோரச் சாலையில் போவோம். நான் சந்தைத் தெரு வழியாகப் போகச் சொன்னேன். மீன்காரிகள், பம்பு கொடுத்தவர்கள், கொடுக்கப்போகிறவர்கள் எல்லாரும் கடைக்கு வெளியே நின்றிருந்த நேரம். கொண்டையை இன்னும் கொஞ்சம் உயர்த்திச் செருகிக்கொண்டு அவன் முதுகோடு ஒட்டி நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் பின்கழுத்தில் சிவப்பு நூலில் தொங்கிய சீட்டு, காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது.