அட்டாகோரா மறுபடி செய்தி வாசித்த காலை

"தலையை இன்னும் கொஞ்சம் நிமித்துங்க. கேமராவைப் பாக்குற மாதிரி இருக்கணும்," என்றாள் டெடே.

அவளுடைய ஆட்கள் இருவர் க்வாக்கு அட்டாகோராவின் கழுத்துக்குப் பின்னால் ஒரு பலகையைச் செருகினார்கள். தலை நிமிர்ந்தது. கோட்டு, சிவப்பு டை, முன்னால் மேசை, மேசைமேல் ஒலிவாங்கி, கைகளுக்கு அடியில் நான்கு வெள்ளைத் தாள்கள். பின்சுவரில் உலக வரைபடம். ஐந்து வாரம் பனிப்பெட்டியில் கிடந்தவர் இப்போது அடுத்த நிமிடமே வெள்ளச் சேதம் பற்றிச் சொல்லிவிடுவார் போல் இருந்தார்.

பிணங்களை அவரவர் தொழிலோடு உட்காரவைப்பதில் டெடேவுக்கு அக்கிரா நகரத்தில் நல்ல பெயர். குத்துச்சண்டைக்காரனுக்குக் கையுறை மாட்டியிருக்கிறாள், லாரி ஓட்டுநரை ஸ்டியரிங் பிடிக்கவைத்திருக்கிறாள். செய்தி வாசிப்பாளர் இதுதான் முதல் தடவை. இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்துவிட்டு, நெற்றியில் இன்னும் கொஞ்சம் பவுடர் ஒற்றினாள்.

வாசற்படியில் கூடையோடு நின்றிருந்த செர்வாவை யாரும் கவனிக்கவில்லை. கூடைக்குள் மனைவி கொடுக்க வேண்டிய கடைசிச் சாமான்கள் இருந்தன. ஒரு துணி, துண்டு, சோப்பு, கைக்குட்டை, ஒரு செம்புத் தண்ணீர். மேசைக்குப் பின்னால் இருந்தவரை அவளுக்குத் தெரியும். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் அவளும் புருஷனும் பண்ணைக்குக் கிளம்பியபோது அக்கிராவிலேயே விட்டுவிட்டு வந்த செய்தி வாசிப்பாளர். மத்தியானம் குழியில் இறக்குவதற்குள் தன் புருஷனை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதற்குள் ஒலிபெருக்கி அலறியது.

"வணக்கம். இன்றைய முக்கியச் செய்திகள்."

பந்தலில் துக்கத்துக்குக் கறுப்பும் சிவப்பும் உடுத்திய ஜனம் "ஆ" என்றது. டிவி நிலையத்தார் அவருடைய பழைய ஒலிப்பதிவைக் கொண்டுவந்திருந்தார்கள். கொக்கோ விலை, அமைச்சர் வருகை, கால்பந்து. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.

செர்வா குடும்பத் தலைவரிடம் போனாள். ஒப்போங் மாமா, செத்தவனின் தாய்மாமன். அந்த ஊர் வழக்கப்படி பிணம் தாய்வழிக்குச் சொந்தம். பெண்டாட்டிக்குச் சொந்தம் அழுகை மட்டும்.

"மாமா, அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்லுங்க."

"சத்தமா? அது நாட்டோட குரலும்மா."

"அவரு வேலையை விட்டப்ப, யாரோ சூனியம் வச்சுட்டாங்கன்னு சொன்னது நீங்கதானே?"

"துக்க வீட்டுல பழசைக் கிளறாதே." மாமா கையிலிருந்த, செத்தவனின் வாழ்க்கை வரலாறு அச்சடித்த புத்தகத்தால் விசிறிக்கொண்டார். இருபத்து நாலு பக்கம், வழவழத் தாள். அதில் பண்ணை வாழ்க்கைக்கு ஒரே ஒரு வரி: 'பின்னர் வேளாண் தொழில்முனைவில் ஈடுபட்டார்.'

"பன்னி வளத்தாருன்னு போட்டிருக்கலாம்," என்றாள் செர்வா.

"போதகர் படிக்கிற புத்தகத்துல பன்னியா?"

"கிறிஸ்துமஸுக்குப் போதகரு எங்ககிட்டதான் தொடைக்கறி வாங்குவாரு."

மாமா விசிறுவதை வேகப்படுத்தினார்.

அவள் போய்ப் பெண்கள் வரிசையில் உட்கார்ந்தாள். ஒலிபெருக்கி கொக்கோ விலைக்கு வந்திருந்தது. அவளுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. க்வாக்குவின் சொந்தக் குரலை, மூக்கால் முனகும் அந்தக் குரலை, மனதுக்குள் கூப்பிட்டுப் பார்த்தாள். வரவில்லை. கொக்கோ விலைதான் வந்தது.

அந்தச் சொந்தக் குரலைத் தேடித்தான் அவன் அக்கிராவைவிட்டே வந்தான். பேருந்து கவிழ்ந்து முப்பது பேர் செத்த செய்தியை வாசித்துவிட்டு ஒருநாள் வீட்டுக்கு வந்தான். சாப்பாட்டில் உட்கார்ந்து, "உப்பு எடு," என்றான். முப்பது பேர் செத்த அதே இழுப்பு, அதே நிறுத்தம். அவனே திடுக்கிட்டுக் கையைக் கழுவிக்கொண்டான். "செர்வா, எனக்குன்னு ஒரு குரல் இருந்துச்சே. அது எங்க போச்சு?" என்றான்.

அஃப்ராம் ஆற்றங்கரையில் பன்றிகளோடு இரண்டு வருடம் கழித்துத்தான் அது திரும்பி வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. கொஞ்சம் திக்கும். பாதி வார்த்தையை விழுங்கிவிடும். கேட்பவர்கள், இவரா டிவியில் பேசினார் என்பார்கள். அவனுக்கு அதில் பரம சந்தோஷம்.

நிலைய இயக்குநர் ஆஃபோரி எழுந்து இரங்கலுரை வாசித்தார். "மண்ணின் அழைப்பை ஏற்றுச் சென்ற மாமனிதர்" என்றார். "அவரது நாற்காலி இன்னும் நிரப்பப்படவில்லை" என்றார். க்வாக்கு விலகிய மறுநாளே அந்த நாற்காலியில் உட்கார்ந்தது இயக்குநரின் மைத்துனன். பண்ணைக்கு இயக்குநர் ஒரே ஒரு முறை வந்திருக்கிறார். காரின் கண்ணாடியை ஒரு விரல்கடை இறக்கி நலம் விசாரித்துவிட்டு ஏற்றிக்கொண்டார். இப்போது கண்ணைத் துடைக்கும்போது, கேமரா இருக்கும் பக்கமாகத் திரும்பித் துடைத்தார்.

"மனைவி சாமான் கொடுக்கலாம்," என்றார் மாமா.

செர்வா கூடையோடு எழுந்தாள். மனைவி சாமான் கொடுத்துச் செத்தவனிடம் பேசும்போது மேளம்கூட ஒலிக்கக் கூடாது. அவள் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கிடவும் கூடாது. ஒலிபெருக்கிக்காரன் பொத்தானை அமுக்கினான். பந்தல் அமைதியானது.

"க்வாக்கு, இந்தா துணி. இந்தா துண்டு. இந்தா சோப்பு," என்றாள். வழக்கமாகப் பெண்கள் அத்தோடு விழுந்து அழுவார்கள். அவள் அழவில்லை.

"கறுத்தவ குட்டி போட்டுட்டா. ஒன்பது. ஒண்ணு மேல அவளே படுத்துட்டா, மிச்சம் எட்டு."

பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"கிழக்கு வேலி விழுந்துருச்சு. நீ கட்டுன மாதிரியே நானும் கட்டினேன். நீ கட்டுனது விழுற மாதிரியே விழுந்துச்சு."

ஒரு சிரிப்பு கிளம்பி இருமலாக மாறியது.

"பக்கத்துக் காட்டு டான்சோ வந்தான். உன்கிட்ட வாங்கிட்டுப் போன மண்வெட்டியைக் காணோங்கிறான். அவன் வீட்டுக் கதவுக்குப் பின்னாலதான் சாஞ்சு கிடக்கு, நானே பாத்தேன்."

"செர்வா, சுருக்கமா," என்றார் மாமா மெதுவாக.

அவள் திரும்பவில்லை. ஒலிபெருக்கிக்காரனின் விரல் பொத்தான் மேலேயே இருந்தது. அவள் பேச்சை நிறுத்தினால் கொக்கோ விலை தொடங்கிவிடும்.

"தண்ணிக் குழாய் அடைச்சுக்கிச்சு. குச்சி விட்டுக் குத்தினேன், தவளை வந்துச்சு."

பேசிக்கொண்டே செம்பை எடுத்தாள். வழிக்குத் தண்ணீர் கொடுக்கப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் கைக்குட்டையை அதில் நனைத்துப் பிழிந்து, அவர் இடது கன்னத்தில் வைத்து அழுத்தித் துடைத்தாள். பவுடர் பழுப்பாகக் கரைந்து வந்தது. அடியில் வெயில் தின்ற கறுப்புத் தோல். காதுக்குக் கீழே, ஆண் பன்றி கிழித்த இடத்தைக் கோணலாகத் தைத்த தழும்பு.

அவள் கை ஒரு கணம் அங்கேயே நின்றது.

"வந்துட்டியா," என்றாள், அடுத்திருந்த டெடேவுக்கு மட்டும் கேட்கும்படி.

இயக்குநர் கேமராக்காரனைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவன் படமெடுப்பதை நிறுத்தினான். மாமா புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு எழுந்தார், எழுந்தபின் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். டெடே பவுடர் டப்பாவோடு குனிந்தாள்.

"அக்கா, ஜனம் வரிசையா வந்து பாக்கணும். பாதி முகம் இப்படி, பாதி அப்படின்னா அசிங்கமா இருக்கும்."

"ஆமா," என்றாள் செர்வா. "இப்படி விட்டா நல்லாயிருக்காது."

கைக்குட்டையைச் சுத்தமான பக்கம் வெளியே வரும்படி மடித்து, மறுபடி செம்பில் நனைத்தாள்.

"அப்புறம் க்வாக்கு, அந்த மரவள்ளி இருக்குல்ல," என்று வலது கன்னத்தில் ஆரம்பித்தாள்.