அதிபருக்கு எதிர்வரிசை நாற்காலி

…சொல்லத்தான் போகிறேன், இதில் யோசிக்க என்ன இருக்கிறது, என் முறை வரும்போது ‘கூடாது’ என்று ஒரே வார்த்தை, அவ்வளவுதான், வெள்ளை மாளிகையின் இந்த அமைச்சரவை அறையில் அதிபரிடம் அப்படிப் பேச என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? கோடை விடுமுறையில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அரசாங்க வேன் கொண்டுபோய்க் கொடுக்கும் மதியச் சாப்பாட்டை நிறுத்துவதாம், நல்ல யோசனைதான் போங்கள்… மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்லி வருகிறார்கள், வெளியுறவு அமைச்சர் ‘பிரமாதம்’ என்கிறார், பாதுகாப்பு அமைச்சர் தலையாட்டுகிறார், ஆட்டட்டும்… துறை எவ்வளவு பழையதோ அவ்வளவு நடுவில் இடம், வேளாண் துறை பழைய துறை, அதனால் அதன் அமைச்சரான எனக்கு அதிபரின் முகம் தெரிகிற எதிர்வரிசை, நாற்காலியின் முதுகில் பித்தளைத் தகடு, அதில் ஆர்லீன் லின்ட்குவிஸ்ட் என்று என் பெயர். பதவி போகும்போது ஆபீஸ்காரர்கள் காசு போட்டு இந்த நாற்காலியை வாங்கிக் கொடுத்து வழியனுப்புவார்கள், அதுதான் இங்கே வழக்கம், அனுப்பட்டுமே, சொந்த மாநிலம் நெப்ராஸ்காவில் என் வீட்டு வராந்தாவில் போட்டுக்கொள்கிறேன். எனக்கென்ன பயம்?

பக்கத்தில் நிதியமைச்சர் ஹால்சி குனிகிறார், “ஆர்லீன், பேசாம இருங்க, அவரு ஏற்கெனவே முடிவு பண்ணிட்டாரு”, பண்ணட்டும் ஹால்சி, நீங்கள் சின்ன வயதில் இலவசச் சாப்பாட்டு வரிசையில் நின்றதில்லை, நான் நின்றிருக்கிறேன்… சர்ச்சின் கீழ்த்தளம், வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி, ஒரு பெட்டிப் பால், தம்பி டேல் பாதி ரொட்டியை ராத்திரிக்கென்று சட்டைப்பையில் திணித்துக்கொள்வான், அம்மா, ‘எங்க சாப்பிட்டீங்கன்னு யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது’ என்பாள்… பதவி தர அழைத்த அன்று அதிபர் என்ன சொன்னார்? “ஆமாம் சாமி போட இங்க ஆள் இருக்கு, என் முகத்துக்கு நேரா தப்புன்னு சொல்ல ஒருத்தர் வேணும்”, அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் தெம்பில்தான் இன்றும் உட்கார்ந்திருக்கிறேன்.

“ஆர்லீன், நீங்க?” என்கிறார் அதிபர். “கூடாது, மிஸ்டர் பிரசிடென்ட். பள்ளிக்கூடத்துக்குத்தான் லீவு, பசிக்கு இல்ல.” அப்பாடா, சொல்லிவிட்டேன், குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை, எல்லார் பேனாவும் அப்படியே நிற்கிறது… அதிபர் சிரிக்கிறார், வாய்விட்டு, “பாத்தீங்களா, இதுக்குத்தான் இவங்க வேணும்ங்கிறது! நாளைக்குப் பத்திரிகைக்காரங்ககிட்ட, நிறுத்தறோம்னு நீங்களே அறிவிச்சிடுங்க ஆர்லீன். கடைசி வரைக்கும் எதிர்த்தவங்களே ஒத்துக்கிட்டாங்கன்னா அப்புறம் எவன் வாயைத் திறப்பான்?” மேசை முழுக்கச் சிரிப்பு, ஹால்சிகூட. அதற்குள் அதிபர் வர்த்தக அமைச்சர் பக்கம் திரும்பிவிட்டார்.

அடப்பாவி… எழுந்து போய்விடலாம், இப்போதே, கண்டிப்பாக எழுந்துவிடுவேன், ஆனால் நான் போனால் இந்த இடத்தில் எவர் வந்து உட்காருவார், பள்ளிக்கூடச் சாப்பாடாவது மிச்சமிருக்கிறது, அதை யார் காப்பாற்றுவது, நான்தானே… நாளைக்குப் பத்திரிகைக்காரர்கள் முன்னால் நின்றால் உண்மையைத்தான் சொல்வேன், ‘இது எளிதாக எடுத்த முடிவு இல்லை’ என்று ஆரம்பிக்கலாம், இல்லை, அது சப்பென்று இருக்கும், முதலில் டேலைச் சொல்ல வேண்டும், சட்டைப்பையில் பாதி ரொட்டி, கேட்கிறவர்கள் உருகிவிடுவார்கள், அதற்கப்புறம் நிறுத்துவதைச் சொன்னால் ஒருவரும்… ஐயோ, அந்த அறிவிப்பை மனசுக்குள் எப்போது எழுத ஆரம்பித்தேன்?