சுவருக்கு நுழைவுச் சீட்டு

சிலைக்கு இடம் பார்த்தாகிவிட்டது. பிரதான வாசலுக்கு நேரே, கிளப் தலைவரின் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடம். பதினான்கு வருடம் அந்தக் கால்பந்து கிளப்பின் பின்வரிசையில் நின்று, வந்த பந்தையெல்லாம் நெற்றியால் முட்டித் திருப்பி அனுப்பியவருக்கு ரசிகர்கள் வைத்த பெயர் 'சுவர்'. சனிக்கிழமை திறப்பு விழா. தலைவர் தன் உரையைக் கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

சிலைக்குரியவரோ தினமும் காலை ஆறரைக்கு அதே வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தார். மறதி நோய் வந்து மூன்று வருடம். பேரப்பிள்ளைகளின் பெயர் போய்விட்டது. பயிற்சி நேரம் மட்டும் போகவில்லை. மனைவி சற்று அசந்தால் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். காவலாளி சீட்டு கேட்பார். சீட்டு இருக்காது. அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழி அன்றன்றைய அதிர்ஷ்டம். போன வாரம் நெடுஞ்சாலை ஓரம் வெறும் காலுறையோடு நின்றவரை ஒரு லாரி டிரைவர்தான் கூட்டி வந்து சேர்த்தார்.

அதனால் மனைவி கிளப் செயலாளரைப் பார்க்கப் போனார். முப்பது வருடம் தலைமை நர்ஸாக இருந்தவர். டாக்டர்களே அவரிடம் குரலைத் தணித்துத்தான் பேசுவார்கள்.

"காலையில ஆறரையில இருந்து ஒன்பது வரைக்கும் உள்ள விடுங்க. கூட ஒரு ஆள் இருந்தா போதும். வேற எதுவும் வேணாம்."

செயலாளர் ஒரு படிவத்தை நீட்டினார். முன்னாள் ஆட்டக்காரர் சீட்டுக்கான விண்ணப்பம். ஆடிய ஆண்டுகள், ஆட்டங்களின் எண்ணிக்கை, உடன் ஆடிய ஐந்து பேர். அடியில் தடித்த எழுத்தில்: 'விண்ணப்பதாரர் தம் நினைவிலிருந்து, தம் கைப்பட எழுதுதல் வேண்டும்.' போலிகள் நுழைந்துவிடக் கூடாதாம்.

"அவருக்கு ஞாபகம் இல்லைன்னுதானே சார் வந்திருக்கேன்."

"புரியுதும்மா. அதையே அவர் கைப்பட எழுதிக் குடுத்தா கமிட்டில வெச்சுடலாம்."

நர்ஸம்மா படிவத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"சரி. அப்ப சனிக்கிழமை உங்க சிலை மட்டும் வரட்டும். அவர் வரமாட்டார். பத்திரிகைக்காரங்க ஏன்னு கேட்டா இந்தத் தாளைக் காட்டறேன்."

மறுநாள் காலையே கமிட்டி கூடியது. நர்ஸம்மா கணவரையும் கையோடு கூட்டிப் போயிருந்தார்.

"அம்மா, இவர் எங்க கிளப்போட ஆணிவேர்!" என்றார் தலைவர், உரையிலிருந்து ஒரு வரியை முன்கூட்டியே எடுத்து.

"வேரை எதுக்குங்க கேட்டுக்கு வெளியில போட்டு வெச்சிருக்கீங்க?"

"பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்கே. உள்ள வந்து எங்கயாவது விழுந்து கிழுந்து வெச்சா…"

"வருஷக்கணக்கா பந்தை முட்டினதும் ஒரு காரணமா இருக்கலாம்னு டாக்டர் சொல்றார். அப்ப எங்க போயிருந்துச்சு இந்தப் பாதுகாப்பு?"

"அது இன்னும் முழுசா நிரூபணம் ஆகலை." தலைவரின் குரலில் ஒரு ஆராய்ச்சியாளர் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"நிரூபணம் ஆகுற வரைக்கும் இவர் ரோட்டுல நிக்கணுமா?"

தலைவர் பதில் தேடிக் கணவரின் பக்கம் திரும்பினார். நாற்காலி காலி. பக்கவாட்டுக் கதவு திறந்து கிடந்தது.

எல்லோரும் மைதானத்துக்கு ஓடினார்கள். அங்கே ஃப்ரீ கிக் பயிற்சி. ஐந்து பேர் தோளோடு தோள் ஒட்டிக் கோலை மறைத்து நின்றார்கள். கோட்டோரத்திலிருந்து சுவரின் குரல் இடித்தது:

"டேய், நடுவுல ஓட்டை! இடது ஓரம், ஒரு எட்டு வெளிய வா! கடைசியில எவன்டா தூங்குறது?"

பயிற்சியாளர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். கோல்கீப்பர் கை காட்டித் தடுத்தான். "சார், இருங்க. அவர் சொல்றது சரிதான். போன மேட்ச்ல அந்த ஓட்டை வழியாத்தான் ரெண்டு கோல் வாங்கினேன்."

வரிசை நகர்ந்தது. உதைத்த பந்து ஒரு தோளில் மோதி உயர எழும்பி, நேராகச் சுவரை நோக்கி இறங்கியது. அவர் கழுத்தை நிமிர்த்தி இரண்டு எட்டு முன்னால் வைத்தார்.

"வேணாங்க!" என்று கத்தினார் நர்ஸம்மா. பயிற்சியாளர் பாய்ந்து, நெற்றிக்கு ஒரு சாண் முன்னால் பந்தை இரண்டு கையாலும் பிடித்துவிட்டார்.

சுவர் கொதித்துப்போனார். அருகில் கோட்டு போட்டு நின்ற ஒரே ஆளைப் பார்த்து, "ஹேண்ட் பால்! ரெஃப்ரி, என்னய்யா வேடிக்கை பார்க்கறே?" என்றார்.

"தப்புதான்," என்றார் தலைவர் தன்னையறியாமல். பதவிக்கு வந்த ஒன்பது வருடத்தில் அந்தச் சொல் அவர் வாயில் வந்தது அதுவே முதல் முறை. ஆட்டக்காரர்கள் சிரித்த சிரிப்பில் வலை ஆடியது.

"நாளைக்கு ஆறரைக்கு நானே கேட்ல நிக்கறேம்மா," என்றார் பயிற்சியாளர். "தலையால முட்டுறது மட்டும் கிடையாது. இந்தப் பசங்களுக்கும் அதைக் குறைக்கறேன்."

"நீங்க இருக்கற வரைக்கும் நிப்பீங்க தம்பி. அப்புறம்? ரூலை மாத்தச் சொல்லுங்க."

பதினொரு பேர் இடுப்பில் கை வைத்துத் தலைவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பளபளக்கும் செருப்புகள் ஈரப்புல்லில் புதைய, கமிட்டி அங்கேயே தீர்மானம் போட்டது: மறதி நோய் உள்ள முன்னாள் ஆட்டக்காரர் எவருக்கும் சீட்டு தேவையில்லை, வீட்டார் சொல்லே போதும், துணைக்குக் கிளப்பின் ஆள் ஒருவர். கமிட்டி வரலாற்றில் டீ வருவதற்குள் நிறைவேறிய ஒரே தீர்மானம்.

சனிக்கிழமை சிலை திறந்தது. சுவர் அதை ஏற இறங்கப் பார்த்து, "யாரிவன்? நிக்கறதே சரியில்லையே," என்றார். தலைவரின் உரை அதற்குப் பிறகு எடுபடவில்லை.

திங்கட்கிழமை நகரத்தின் மறுகோடியிலிருந்து ஒரு மகள் தன் அப்பாவை ஆட்டோவில் கூட்டி வந்தாள். அவரும் அதே காலத்து ஆட்டக்காரர், இடது ஓரத்தில் ஓடியவர். அவருக்கும் அதே நோய். இருவருக்கும் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியவில்லை.

"லேட்டு," என்றார் சுவர். "பந்து போனா பின்னாடி இறங்கி வரவும் மாட்டே. முன்னாடியே நின்னுக்குவே."

"பின்னாடிதான் நீ இருக்கியே," என்றார் வந்தவர்.

மகள் பதறிப்போய் நர்ஸம்மாவைப் பார்த்தாள். நர்ஸம்மா வார்டில் நிற்கிற தோரணையில் கைகட்டி நின்றிருந்தார்.

"பயப்படாதேம்மா, அவர் கேப்டன்," என்றார். "திட்டத்தான் செய்வார்."