ஆறு மணித் தண்ணீர்

லால்குடிப் பக்கத்து அந்த ஊரில் வாய்க்கால் மடைப் பலகையைத் தொடும் உரிமை வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் திறந்துவிடும் நீர்க்கட்டி காத்தான் ஒருவனுக்குத்தான். வேறு யார் தொட்டாலும் அவர்களுக்கு அடுத்த முறைத் தண்ணீர் கிடையாது, ஊர்க்கட்டு அப்படி. மழை பொய்த்த அறுபத்தைந்தாம் வருஷம், எட்டு நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர். இன்று காலை ஆறிலிருந்து பத்து வரை ராக்கம்மாள் வயலுக்கு. கதிர் பால் பிடிக்கும் சமயம், பாயாவிட்டால் பதர்தான். புருஷனை இழந்தவளுக்கு அந்த வயலை விட்டால் வேறு கதி இல்லை.

இவ்வளவும் தெரிந்த காத்தான் எட்டரை மணிக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். நேற்று ஸ்ரீரங்கத்தில் மச்சான் வீட்டுக் காதுகுத்து. விருந்தை ஒரு பிடி பிடித்துவிட்டுப் படுத்தவன், முதல் பஸ் போன பிறகுதான் கண் விழித்தான். கொள்ளிடம் பாலம் தாண்டுவதற்குள் சாக்குத் தயார்: பஸ் டயர் வெடித்துவிட்டது. இதில் மட்டும் ஆசாமி கெட்டிக்காரன். போன மாசத் தாமதத்துக்கு, உயிரோடு இருக்கும் பெரியப்பாவையே சாகடித்தவன்.

இறங்கியதும் ஓடினான். வரப்பில் விழுந்து, எழுந்து, மறுபடி ஓடினான்.

மடையருகே ராக்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். காலடியில் தண்ணீர் தளும்ப ஓடியது. பலகைக்கு இந்தப் பக்கம் அவள் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மூன்று மணி நேரமாக அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"மூணு தடவ பலகையில கைய வச்சேன், காத்தா. ஊர்க்கட்டாச்சேன்னு எடுத்துட்டேன்" என்றாள். அழுது முடித்த குரல்.

டயர் அவன் நாக்கு நுனிவரை வந்தது.

"தூங்கிட்டேன்க்கா. பஸ்ஸு சரியாத்தான் வந்துச்சு" என்றான்.

பலகையைத் தூக்கினான். பத்திலிருந்து ஒரு மணி வரை அவனுடைய முறை. மடை பார்ப்பதற்காக ஊர் விட்ட துண்டு நிலத்துக்கு. அங்கேயும் பால் பிடிக்கும் கதிர்தான். பத்து மணி ரயில் கூவியதும் மனைவி பொன்னுத்தாய் மண்வெட்டியோடு வந்து நின்றாள். அவன் மடையை மாற்றவில்லை. பிள்ளைகள் வாயில் மண்ணைப் போடுகிறாயே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"நான் தூங்கித் தொலைச்சது நம்ம தண்ணி, பொன்னு. அவங்க தண்ணி இல்ல."

ஒரு மணி வரை ராக்கம்மாள் வயல் குடித்தது.

எட்டாம் நாளுக்குள் காத்தானின் கதிரில் பாதி பதராகிவிட்டது. அன்று இருட்டு பிரியுமுன்னே மடைக்கு வந்தான். அவனுக்கு முன்னால் ராக்கம்மாள் வந்து, பலகையைத் தொடாமல், இன்றாவது வருவானோ என்று பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கதிர் போனதைவிட அதுதான் அவனை அறுத்தது.