இறங்க வேண்டிய கை

...அப்புறம், கூலியாளை அடிக்க ஓங்கிய மண்டோரின் கை தானாகக் கீழே இறங்குகிறது என்று எழுதியாயிற்று, எழுதுவதற்கென்ன, பென்சிலுக்கு வலிக்கவா போகிறது, ஆனால் அந்தக் கை எதனால் இறங்குகிறது என்பது மட்டும் அப்துல் அலீமுக்கு இன்னும் பிடிபடவில்லை, பீச் ரோட்டில் தொடங்கி சிராங்கூன் ரோட்டுக்குள் திரும்புகிறவரை அதையேதான் மென்றுகொண்டு வந்தான். சட்டைப் பையில் அவன் எழுதிய பயாஸ்கோப் படக்கதை மடித்துக் கிடந்தது. மதராஸில் யாரோ சொந்தமாகவே பயாஸ்கோப் படம் பிடிக்கப் போகிறார்களாம், கதை அனுப்பினால் பார்ப்பார்களாம்... தென்னாப்பிரிக்காவில் நம் ஜனங்கள் அடியை வாங்கிக்கொண்டு, திருப்பி அடிக்காமல், கூட்டம் கூட்டமாக ஜெயிலுக்குப் போகிறார்கள் என்று பத்திரிகையில் படித்த நாளிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. சரி, எழுது. ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், அடி விழுகிறது, அவன் கையைத் தூக்கவில்லை. பார்க்கிறவனுக்கு அது தைரியம் என்று எப்படித் தெரியும்? பயந்தாங்கொள்ளியும் அப்படித்தானே உட்கார்ந்திருப்பான்! ஊமைப் படத்தில் தூக்கிய கையைக் காட்டலாம், தூக்காத கையை எப்படியப்பா காட்டுவது?

வாயால் சொல்லலாம், வாய்தானே அவன் பிழைப்பு. பீச் ரோட்டு பயாஸ்கோப் கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் நின்று, ஓடுகிற படத்தைத் தமிழில் சொல்லுகிறவன் அவன், வெள்ளைக்காரி அழுதால் ஏன் அழுகிறாள், துரை ஓடினால் எங்கே ஓடுகிறான், தெரிந்தால் தெரிந்ததைச் சொல்வான், தெரியாவிட்டால் அவனே ஒன்றைக் கட்டிவிடுவான், யார் கேட்கப் போகிறார்கள்? அப்படித்தான் ஒரு கோமாளிப் படத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை. தடியன் ஒருவன் சாட்டையால் விளாசுகிறான், கோமாளி மலங்க மலங்க விழித்துக்கொண்டு நிற்கிறான், கடைசியில் தடியன் வழுக்கிக் குப்புற விழுகிறான், ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டிய இடம். இவன் என்ன செய்தான்? “பாருங்கள் ஐயா, அடிக்கத் தெரியாதவன் இல்லை இவன், அடிக்க மாட்டேன் என்று நிற்கிறவன்!” என்று தொண்டை கிழியக் கத்தினான், கொட்டகையே கப்சிப். முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த மருதப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அன்றைக்கு இவனுக்கு என்ன பெருமை, சோறுகூட இறங்கவில்லை. அந்தச் சாட்டை பஞ்சுச் சாட்டையாக இருக்கும் என்று மருதப்பனிடம் சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லையே.

கண்டாங் கெர்பாவ் வண்டிப்பேட்டையில் மாட்டு வண்டி ஓட்டுகிறவன் மருதப்பன். அங்கே ஆட்களை மேய்க்கிற மண்டோர், ரோத்தான் பிரம்பும் கையுமாகவே திரிகிறவன், மாட்டுக்கு ஓர் அடி என்றால் மனுஷனுக்கு இரண்டு. அலீமும்தான் கெட்டிக்காரன் மாதிரி படக்கதையை மருதப்பனுக்கு முதலில் படித்துக் காட்டினான். “ஏன் பாய், அடிக்கிறவன் கை தன்னால எறங்கிடும்னு எழுதியிருக்கீங்களே, நெசமாவே எறங்குமா?” “இறங்கும் மருதப்பா.” எவ்வளவு சுளுவாக வந்தது அந்த ‘இறங்கும்’! மறுநாளே மருதப்பன் பேட்டையில் சொல்லிவிட்டான், மண்டோர் பிரம்பைக் கீழே போட்டால்தான் மாடு பூட்டுவேன், அதுவரைக்கும் வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன் என்று. கூட வருகிறோம் என்று சொன்னவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்களாம்.

நேற்று மருதப்பன் பெண்டாட்டி சிவகாமசுந்தரி கொட்டகை வாசலுக்கே வந்துவிட்டாள், நிறைமாதம், மூச்சு வாங்கியது. “நீங்க சொன்னாத்தான் பாய் அவரு கேப்பாரு. திருப்பி அடிக்கச் சொல்லுங்க, இல்ல ஓடியாரச் சொல்லுங்க. சும்மா ஒக்காந்து வாங்கிக்கன்னு மட்டும் சொல்லாதீங்க, நல்லாயிருப்பீங்க.” ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள், இவன் ஊரான் முதுகையல்லவா எடுத்துப் பரிமாறிவிட்டான். பேட்டை வாசலில்தான் உட்கார்ந்திருப்பான், போய் எழுப்பிக் கூட்டிவந்துவிட வேண்டியதுதான். எழுப்பினால்? அப்புறம் இந்தக் கதையை எந்த முகத்தோடு அனுப்புவது? சீ, இந்த நேரத்தில் கதை ஒரு கேடா... எருமைச் சாணி வாடை வந்துவிட்டது, பேட்டை வந்துவிட்டது, இப்படியே திரும்பி நடந்தால் யாருக்கும் தெரியாது, கால் திரும்ப மாட்டேன் என்கிறதே.

வாசலில் கூட்டம். நடுவில் மருதப்பன் சம்மணம் போட்டு, பந்திக்கு உட்கார்ந்தவன் மாதிரி, கை இரண்டையும் முழங்கால் மேல் வைத்து உட்கார்ந்திருந்தான், அவனுக்கு மேலே மண்டோர், பிரம்பு. “எந்திரிடா!” மருதப்பன் எழவில்லை. அடி விழுந்தது. இப்போது இறங்க வேண்டும், அலீம் எழுதியபடி அந்தக் கை இப்போது இறங்க வேண்டும், யா அல்லா, இறங்கட்டுமே. இறங்கவில்லை. இன்னோர் அடி, தோளில், வெள்ளைச் சட்டையில் சிவப்பாகக் கோடு போட்டுக்கொண்டு. மருதப்பன் பல்லைக் கடித்தான், முழங்கால் மேலிருந்த விரல்கள் நடுங்கின, நடுங்கியும் அங்கேயே கிடந்தன. அலீம் பார்த்துவிட்டான். பயந்தவன் கை முகத்தை மறைக்க ஓடும், இந்தக் கை ஓட நினைத்து ஓடாமல் கிடக்கிறது, இதுதான், இவ்வளவு நாள் தேடியது இதுதான், அந்த விரல்களைக் கிட்டத்தில் காட்டினால் போதும்... அட பாவி, அவன் முதுகு கிழிகிறது, நீ படம் பிடிக்கிறாயே!

அப்போதுதான் மருதப்பன் தலையைத் தூக்கினான். கூட்டத்தில் தேடி, இவனைக் கண்டுபிடித்து, முகம் ஒரு கணம் மலர்ந்து, உடனே வாடிப்போயிற்று. பார்வை இவன் முகத்தில் இல்லை, கொஞ்சம் மேலே, வலது பக்கம். “வேணாம் பாய்” என்றான், அவ்வளவுதான். என்ன வேண்டாம்? அலீம் அண்ணாந்து பார்த்தான். தன் கை தலைக்கு மேலே நின்றது, அதில் ஒரு கருங்கல், தேங்காய் அளவு. எப்போது குனிந்தான், எப்போது எடுத்தான்? கதையில் அடிக்கிறவன் கையை எழுதினான், அடி வாங்குகிறவன் கையை எழுதினான், கூட்டத்தில் நிற்கிறவனுக்கும் ஒரு கை உண்டு என்று எழுதவே இல்லையே. மண்டோர் மறுபடி பிரம்பை ஓங்கினான். மருதப்பனோ அதைப் பார்க்காமல் இவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான், படிக்கக் கேட்ட அன்றைக்குப் பார்த்த அதே பார்வை, நெசமாவே எறங்குமா பாய்... இறங்கு என்று அலீம் தன் கையிடம் சொன்னான், அது இறங்கவில்லை.